வாட்ச் எதைப் பார்க்கிறது?

அலமாரியில் கிடக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதாவை எடுத்து மேசையில் வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். டயல் தெரிகிறதோ இல்லையோ, உச்சியில் எரியும் டியூப்லைட் தெரியும். மின்விசிறியின் ஓர் இறக்கை தெரியும். போனும் அதைப் பிடித்த கையும் கறுப்பாக நடுவில் உட்கார்ந்திருக்கும். போன் கேமரா சரியில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். கேமரா ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. வாட்சுக்கு எதிரே என்னென்ன இருந்தனவோ, அத்தனையையும் எடுத்துத் தந்திருக்கிறது.

இந்தத் தொல்லை புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு, ஏனென்றால் வாட்சும் வீட்டுக்கு வீடு உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ஒரு தலைமுறை மாப்பிள்ளைகளின் கையில் ஏறியது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அடுத்த தலைமுறையைப் பிடித்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் சபுர், அதாவது வெளிநாடு, போய் வந்தவர்கள் பெட்டியில் சீக்கோ 5 கொண்டுவந்தார்கள். 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு பழைய உருப்படிகளுக்கு மவுசு ஏறியது. விற்க, வாங்க, பழுது பார்ப்பவரிடம் காட்ட, எல்லாவற்றுக்கும் இப்போது படம் கேட்கிறார்கள்.

கண்ணாடியில் நேராக விழும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே போகாமல் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதை அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் தீர்மானிக்கிறது. ஜனதாவின் மேல் இருப்பது அக்ரிலிக். அதன் எண் ஏறக்குறைய 1.49. ஒரு பரப்பில் 4 விழுக்காடு ஒளி திரும்பும். விலை கூடிய வாட்ச்களில் வரும் சஃபையருக்கு எண் 1.77, அதில் 8 விழுக்காட்டுக்குப் பக்கம். மேல்பரப்பு, அடிப்பரப்பு இரண்டையும் சேர்த்தால், தனிப்பூச்சு ஏதும் இல்லாத சஃபையர் 15 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆக, விலை உயர்ந்த வாட்ச்தான் படத்துக்குக் கூடுதலாக முரண்டு பிடிக்கும். 4 விழுக்காடு என்ன பெரிய கணக்கு என்று தோன்றலாம். ஆனால் எரிகிற டியூப்லைட் டயலைவிடப் பல மடங்கு பிரகாசம். அதில் 4 விழுக்காடே டயலின் எழுத்துகளை மறைக்கப் போதும்.

தப்பிக்க எளிய வழி, வாட்சைக் கொஞ்சம் சாய்ப்பது. எதிரொளிக்கும் தளத்தை 10 டிகிரி சாய்த்தால், திரும்பும் கதிர் 20 டிகிரி விலகும். போன் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், கண்ணாடி இப்போது காட்டும் இடம் லென்ஸிலிருந்து கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் விலகியிருக்கும். அதாவது போனின் ஓரத்தைத் தாண்டி. அந்த இடத்தில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரைப் பிடித்தால் கண்ணாடி கறுப்பைத்தான் பார்க்கும், டயல் தெளிந்துவிடும். வாட்சின் பின்பட்டைக்கு அடியில் ஓர் அழிப்பானைச் சொருகினால் சாய்வுக்குப் போதும்.

தட்டையான கண்ணாடிக்கு மட்டும்தான் இது. ஜனதாவின் அக்ரிலிக் மேலே குவிந்திருக்கிறது. குவிந்த பரப்பு அறை முழுவதையும் சுருக்கிக் காட்டும். எப்படிச் சாய்த்தாலும் ஏதோ ஓர் ஓரத்தில் ஜன்னல் வந்து நிற்கும். இதற்குச் சாய்ப்பதை விட்டுவிட்டு, கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியாகப் படம் எடுப்பது மேல். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும்.

கண்ணாடிக்குக் கறுப்பு வேண்டும், உலோகத்துக்கு வெள்ளை வேண்டும். இந்த இழுபறிதான் வாட்ச் படத்தின் மொத்தச் சிக்கலும். பளபளக்கும் ஸ்டீல் உறைக்குச் சொந்த நிறம் என்று அதிகம் இல்லை. எவர்சில்வர் குடத்தில் அடுக்களையே தெரிவதுபோல, சுற்றி இருப்பதே அதன் நிறம். சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் பளிச்சென்று வரும். ஆனால் முழுக்க வெள்ளையாகச் சூழ்ந்துவிட்டால் ஸ்டீல் பெயின்ட் அடித்த தகரம்போல் ஆகிவிடுகிறது. தெர்மாகோலின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் காகிதப் பட்டையை ஒட்டுங்கள். அந்தக் கறுப்புக் கோடு உறையின் விளிம்பில் ஓடும்போதுதான் இது உலோகம் என்று கண்ணுக்கு உறைக்கும்.

விளக்கு வாங்க வேண்டியதில்லை, ஜன்னல் போதும். போனின் ஃபிளாஷ் சில மில்லிமீட்டர் அகலம்தான். அது வாட்சில் ஒரு கூசும் புள்ளியாக விழும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியையோ டிரேசிங் பேப்பரையோ கட்டினால் மூன்றடி அகல விளக்கு கிடைத்துவிடுகிறது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற ஒளி கலந்தால் ஸ்டீலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் வரும்.

எந்த ஜன்னல்? இங்கேதான் புத்தகங்கள் நம்மைக் கைவிடுகின்றன. வடக்கு ஜன்னலில் வெயில் நேராக வராது, ஒளி நாள் முழுதும் சீராக இருக்கும் என்பது ஐரோப்பிய ஓவியர்கள் காலத்திலிருந்து சொல்லப்படும் பாடம். லண்டனுக்குப் பெரும்பாலும் சரி. புதுக்கோட்டை நகரம் இருப்பது வடக்கே ஏறத்தாழ 10.4 டிகிரியில். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் தெற்கே திரும்புகிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் உச்சியிலிருந்து 13 டிகிரி வடக்கே நிற்கும். நடுப்பகல் வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும்; காலையும் மாலையும் சாய்ந்து வரும் கதிர் வடக்கு ஜன்னலுக்குள் நுழைந்தே தீரும். ஆகவே செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கு ஜன்னல், மே முதல் ஜூலை வரை தெற்கு ஜன்னல் என்று நம் ஊருக்குப் பாடத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூட்டம் போட்டிருந்தால் எந்த ஜன்னலும் ஆகும்.

ராயவரம், கடியாபட்டிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. முற்றத்தில் வானம் திறந்திருக்கிறது. சுற்றுச் சுவர்களின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு அந்த ஒளியை உள்ளே தள்ளுகிறது. முற்றத்தின் நடுவில் வைத்தால் கண்ணாடி வானத்தைப் பார்த்து வெளுத்துப்போகும். முற்றத்தைச் சுற்றிய வளவின் தூண்களுக்கு உட்புறம், கூரைக்கு அடியில் இரண்டடி தள்ளி வைத்தால் பக்கவாட்டு ஒளியும் மேலே நிழலும் ஒன்றாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் ஒளிப்பெட்டி இவ்வளவு அழகாகச் செய்யாது என்பது என் கட்சி.

அடுத்தது தூரம். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக்கோண லென்ஸ். கிட்டப் போனால் பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் வாட்சின் மேல் போய் விழுகிறார்கள். 10 சென்டிமீட்டரில் பிடித்தால், 1 சென்டிமீட்டர் அருகில் இருக்கும் பகுதி 11 விழுக்காடு பெரிதாக விழும். உறை உப்பி, பட்டை சூம்பிப்போகும். 30 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அந்தக் கோணல் மூன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து, மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம்.

முள்ளை 10 மணி 10 நிமிடத்தில் வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். யாரோ பெரியவர் இறந்த நேரம் என்று சுற்றும் கதையில் ஒன்றுமில்லை. 12-க்குக் கீழே இருக்கும் பெயரும் 3-க்குப் பக்கத்துத் தேதியும் மறையாது, அவ்வளவுதான். நொடி முள்தான் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சாவி வாட்ச் பலவற்றில் சாவியை இழுத்தாலும் அது நிற்காது. ஓரிரு நாள் சாவி கொடுக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும். பிறகு முள்ளை வைத்துக்கொள்ளலாம்.

தூசி, கண்ணுக்குத் தெரியாதது, படத்தில் கல்லாகத் தெரியும். அக்ரிலிக்கைத் துணியால் தேய்க்கத் தேய்க்க நிலைமின்னூட்டம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். கடைசியாக மருந்துக்கடை ரப்பர் பல்பால் ஒரு முறை ஊதிவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும்.

மினுக்கத்தைக் குறைக்க முப்பரிமாணப் படத்துக்குத் தரும் கண்ணாடியையும் பயன்படுத்தலாம். முகத்தில் மாட்டும் பக்கத்தை வாட்சை நோக்கித் திருப்பி, லென்ஸ்முன் வைத்து மெல்லச் சுழற்றினால், சாய்வாக எடுக்கும்போது, குறிப்பாக வாட்ச் கண்ணாடியின் செங்குத்திலிருந்து 56 டிகிரி அளவில், எதிரொளி பெரும்பகுதி மறையும். நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை; ஸ்டீலின் மினுக்கமும் போகாது. டிஜிட்டல் வாட்ச் என்றால் கவனம்: ஏதோ ஒரு கோணத்தில் எண்களே காணாமல் முகப்பு இருண்டுவிடும்.

ஜன்னலின் மென்மையான ஒளி எல்லாவற்றுக்கும் ஆகாது. திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசை அறிவார்கள். பொடிச் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள். தேய்ந்த காசில் அம்மன் உருவம் எழ வேண்டுமானால் ஒளி தரையோடு தரையாகப் பக்கவாட்டில் வர வேண்டும். மேடு பள்ளத்தின் நிழல்தான் அங்கே படம். அதே படுக்கை ஒளியை வாட்சின் மேல் விட்டால் ஒவ்வொரு கீறலும் தழும்பும் எழுந்து நிற்கும். விற்பவர் அந்தப் படத்தைத் தானாகப் போடமாட்டார். பழைய ஜனதா வாங்குகிறவர் பணம் அனுப்புமுன், டார்ச்சை மேசைமேல் படுக்கவைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அக்ரிலிக் கீறல் என்றால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். சஃபையரில் விழுந்தது போகாது, கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும்.