ஏர் பம்ப் முதல் அச்சு எந்திரம் வரை... தஞ்சை அரண்மனையில் ஒரு ‘கேட்ஜெட்’ ராஜா!

தஞ்சாவூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். ஓடாத டீசல் இன்ஜினைப் பிரித்துத் திண்ணையில் பரப்பி வைத்திருப்பார். பழைய வால்வு ரேடியோவைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. "புது வண்டியில என்ன இருக்கு, எல்லாம் பிளாஸ்டிக்" என்பார். வீட்டில் தினம் திட்டு விழும். ஆனால் வயலில் மோட்டார் நின்றுபோனால் ஊரே முதலில் அவரைத்தான் தேடும்.

இருநூறு வருடங்களுக்கு முன்பும் இந்த டெல்டாவில் அப்படி ஒருத்தர் இருந்தார். என்ன, அவருக்குத் திண்ணைக்குப் பதில் அரண்மனை இருந்தது. பெயர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மராத்திய மன்னர். சரஸ்வதி மகால் நூலகம் என்றாலே நினைவுக்கு வரும் அதே சரபோஜிதான். சுவடிகளும் புத்தகங்களும் பற்றிப் பலருக்கும் தெரியும். அவரது நூலக அறைக்குப் பக்கத்து அறையில் என்ன இருந்தது?

1826 மார்ச்சில் கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சாவூர் வந்தார். அவருடன் வந்த பாதிரியார் தாமஸ் ராபின்சன் அரண்மனையில் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். தூண்கள் நிறைந்த நூலக அறை, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், கிரேக்கம், லத்தீன் புத்தகங்கள் அடுக்கிய பத்து அலமாரிகள், மராத்தி, சம்ஸ்கிருதச் சுவடிகளுக்குத் தனியாக இரண்டு. அடுத்த அறையில் ஒரு ஏர் பம்ப், ஒரு மின்சார எந்திரம், தந்தத்தில் செய்த எலும்புக்கூடு, வானத்தைப் பார்க்கும் கருவிகள். லாயத்தில் இங்கிலாந்துக் குதிரைகள். எல்லாவற்றையும் விட ராஜா பெருமைப்பட்டது ஓர் அச்சு எந்திரத்தைப் பற்றி. உள்ளூர் கிறிஸ்தவர்கள் அதை இயக்கினார்கள். பிஷப்பைக் கௌரவிக்க மராத்தியில் ஒரு வரியை அங்கேயே அச்சடித்துக் காட்டினார்களாம்.

ஹீபரும் அசந்துபோனார். லவாய்சியரையும் லின்னேயஸையும் சரளமாக மேற்கோள் காட்டும் ராஜா என்று எழுதினார். குதிரையை எடைபோடுவதில் பக்கத்து ஆங்கிலேய அதிகாரிகளே அவரை மதித்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால், கெமிஸ்ட்ரியும் பேசுவார், வண்டி வாங்கப் போகும்போது கூடக் கூட்டிக்கொண்டு போகவும் தோதான ஆள்.

ஏர் பம்ப்பில் என்ன பெரிய விஷயம்?

மேலே கண்ணாடி மணி ஒன்று கவிழ்த்திருக்கும். கீழே உருளை, அதற்குள் பிஸ்டன். கைப்பிடியை ஆட்டினால் மணிக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். உள்ளே ஒரு சின்ன மணியை ஒலிக்க விட்டால் சத்தம் தேய்ந்துகொண்டே போகும். அரைகுறையாகக் காற்றடைத்த பை தானாக உப்பும். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதைக் கண்ணெதிரே நிரூபிக்கும் சாதனம் அது. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

இது ஏதோ ராஜா வீட்டு விளையாட்டுச் சாமான் இல்லை. தெருமுனை அடிபம்பும் இதே தத்துவம்தான். பம்ப் தண்ணீரை ‘இழுப்பதில்லை’. குழாய்க்குள் காற்று குறைகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தத் தள்ளலுக்கு ஓர் எல்லை உண்டு: கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். கரையில் வைத்த மோட்டார், நிலத்தடி நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். நீர் மட்டம் மேலே இருக்கும்வரை ஃபில்டர் பாயிண்ட் போட்டு மேலேயே மோட்டார் வைத்து நாற்றங்காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மட்டம் இறங்கினால் பள்ளம் தோண்டி மோட்டாரை இறக்க வேண்டும், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டார்தான். நீர்மூழ்கி கீழே உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மேலே தள்ளுவதால் இந்த எல்லை அதற்குக் கிடையாது.

அந்தக் காலப் பம்ப்களில் காற்று கசியாமல் இருக்கத் தோல் வாஷர் போடுவார்கள். காய்ந்தால் சுருங்கும், எண்ணெய் விட வேண்டும். அடிபம்பில் தோல் வாஷர் காய்ந்துபோனால் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அடிக்கிறோமே, அதே வைத்தியம்.

மின்சார எந்திரம் இன்னும் வம்பு பிடித்தது. பேட்டரி கிடையாது, கம்பி இணைப்பு கிடையாது. கண்ணாடி உருளையையோ தட்டையோ கையால் சுற்றினால் அது தோல் மெத்தையில் உரசி மின்னூட்டம் உண்டாகும். அதை ஒரு ஜாடியில் சேர்த்து வைத்துப் பொறி பறக்க விடலாம். கையைக் கோத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ‘ஷாக்’ கொடுத்து வேடிக்கை பார்ப்பது அன்றைய ஐரோப்பியப் பொழுதுபோக்கு. பக்கவாதத்துக்கு இதை மருந்தாகக் கொடுத்த டாக்டர்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், காற்றில் ஈரம் இருந்தால் இந்த எந்திரம் சண்டித்தனம் செய்யும், மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூரில் அதிலிருந்து ஒரு பொறி வாங்குவது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். குளிர் நாட்டில் செய்த சாமானை நம்ம ஊர் வெக்கையில் ஓட்டும் தலைவலி அப்போதே ஆரம்பித்துவிட்டது.

காசு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. சரபோஜி பட்டத்துக்கு வந்த மறு வருடமே, 1799இல், ஒப்பந்தம் போட்டு நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் பட்டமும்தான். வருடத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தார்கள். வருவாய் என்றால் பெரும்பாலும் காவிரிப் பாசனத்து நெல். அதாவது அந்த ஏர் பம்ப்பின் பித்தளையிலும் கண்ணாடியிலும் நடவு நட்டவர்களின் பங்கும் இருந்தது. அதைச் சொல்லாமல் ராஜாவைப் பாராட்டுவது சரியாக இருக்காது.

அப்படியானால் எல்லாமே அதிகாரம் போன ராஜாவின் டைம்பாஸா? பாதி உண்மை என்றே சொல்ல வேண்டும். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக சேதுபாவாசத்திரம் அருகே கடலோரத்தில் 1814-15இல் அவர் எழுப்பிய எட்டு அடுக்கு மனோராவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இன்று அது செல்ஃபி ஸ்பாட்.

மறுபாதியை அச்சு எந்திரத்தில் பார்க்கலாம். 1805இல் அரண்மனையில் அச்சகம் வைத்தார். தேவநாகரி எழுத்தில் அச்சடிக்க தென்னிந்தியாவில் யாரும் பெரிதாக முயலாத காலம் அது. 1809இல் அங்கிருந்து வந்த புத்தகம் ‘பாலபோத முக்தாவளி’. ஈசாப் கதைகளின் மராத்தி வடிவம், குழந்தைகளுக்கானது. ராஜாவின் துதிப்பாடலை அடித்துக் கொடுத்திருந்தாலும் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

தந்த எலும்புக்கூடும் அலங்காரப் பொருள் இல்லை. மனித எலும்பைத் தொடுவது தீட்டு என்று இருந்த காலத்தில் உடற்கூறு படிக்க அது ஒரு குறுக்கு வழி. அந்தப் படிப்பு எங்கே போய் நின்றது என்பதற்குச் சாட்சி சரஸ்வதி மகாலில் இருக்கும் கண் மருத்துவக் குறிப்புகள். நோயாளிக்கு என்ன தொந்தரவு, என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்ற விவரம், கூடவே பாதித்த கண்ணின் வண்ணப் படம். அந்தக் கண்கள் அரச குடும்பத்தின் கண்கள் மட்டும் அல்ல. சென்னையின் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன், போட்டோ எதுவும் இல்லாத நாளில் ஓவியர்தான் கேமரா.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கே ஒட்டிக்கொண்டது? சிறுவனாக இருந்தபோது சித்தப்பா அமர்சிங்கின் ஆட்சியில் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தவர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் தலையிட்டு, 1793இல் பாதுகாப்பாக சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பின்னாளில் ராஜா அவருக்காக ஆங்கிலத்தில் இரங்கற்பா எழுதினார். லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனை வைத்து நினைவுச் சிற்பமும் செய்தார், தஞ்சை சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அது இன்றும் இருக்கிறது.

சாமான் எல்லாம் என்ன ஆச்சு?

சரபோஜி 1832இல் இறந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ஆட்கள் அரண்மனைச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றினார்கள். ராணி காமாட்சி பாய் சாகிபா வழக்குப் போட்டார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. "இது அரசின் செயல், நீதிமன்றம் கேட்க முடியாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். சொந்தச் சொத்துக்கும் ராஜாங்கச் சொத்துக்கும் அன்று ஒரு கோடு போட்டிருந்தால் என்னென்ன சாமான் தஞ்சையில் தங்கியிருக்குமோ!

புத்தகங்கள் தங்கின. 1918இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரண்மனை வளாகத்தில் ஃபிளாக்ஸ்மேன் செதுக்கிய சரபோஜியின் பளிங்குச் சிலை கைகூப்பி நிற்கிறது. நூலகத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அங்குள்ள ஆங்கிலப் புத்தகங்களில் ‘சரபோஜி’ என்று ஆங்கிலத்தில் அவர் போட்ட கையெழுத்து இன்னும் இருக்கிறது.