உப்புக்காற்றும் வீடும்: தூத்துக்குடிக் கடலோர வீடுகளின் பராமரிப்பும் பாதுகாப்பும்

கடலோரப் பகுதிகளில் வீடுகளைச் சேதப்படுத்தும் முதன்மையான காரணி உப்பு. காற்றின் ஈரத்தில் கலந்தும், நிலத்தடி நீரில் கரைந்தும், கட்டுமானப் பொருள்களுடன் சேர்ந்தும் அது வீட்டுக்குள் வருகிறது. தூத்துக்குடி, முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்கள், கோரம்பள்ளம், தூத்துக்குடி–திருநெல்வேலி சாலையில் உள்ள புதுக்கோட்டை (இது புதுக்கோட்டை மாவட்டத் தலைநகர் அன்று) ஆகிய இடங்களில் வீடு வைத்திருப்போர் அனைவரும் ஏதோ ஓர் அளவில் இச்சிக்கலைச் சந்திக்கின்றனர். உப்பு வீட்டை எவ்வாறு கெடுக்கிறது, அதை எப்படிக் கண்டறிவது, எவ்வாறு சரிசெய்வது, வெள்ளக் காலத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உப்பு வரும் வழிகள்

தூத்துக்குடி மாவட்டம் தமிழ்நாட்டில் உப்பு உற்பத்தியில் முதலிடம் வகிப்பது. மழை குறைவு, வெயில் அதிகம், காற்று பலம் என உப்பளத் தொழிலுக்கு ஏற்ற சூழல் இங்கு நிலவுகிறது. கடல்நீர் எளிதில் உப்பாக மாறும் இதே சூழல்தான் வீடுகளுக்குச் சோதனையாகவும் அமைகிறது.

உப்பு வீட்டை அடையும் வழிகள் மூன்று. முதலாவது காற்று. அலை உடையும்போது எழும் நுண்ணிய நீர்த்திவலைகளைக் கடற்காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இதன் பாதிப்பு மிக அதிகம்; உள்ளே செல்லச் செல்ல வேகமாகக் குறையும். இரண்டாவது நிலத்தடி நீர். அடித்தளத்தின் வழியாகச் சுவரில் ஏறும் ஈரம் உப்பையும் உடன் கொண்டுவருகிறது. மூன்றாவது கட்டுமானத்தின்போது பயன்படுத்தப்பட்ட தண்ணீரும் மணலும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் புதுக்கோட்டை போன்ற ஊர்களில் முதல் வழியின் பாதிப்பு குறைவு. ஆனால் கரிக்கும் போர்வெல் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீட்டுக்கு அந்தத் தூரத்தால் பயன் இல்லை. உப்பு ஏற்கெனவே காங்கிரீட்டுக்குள் இருக்கிறது.

கம்பி துருப்பிடிப்பது எப்படி

நல்ல காங்கிரீட் காரத்தன்மை மிக்கது. அதன் பி.எச். மதிப்பு 12 முதல் 13 வரை இருக்கும். இந்தக் காரத்தன்மையால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிப்பதில்லை.

உப்பில் உள்ள குளோரைடு இந்தப் படலத்தை உடைத்துவிடும். பின்னர் ஈரமும் உயிர்வளியும் சேர்ந்து கம்பியை அரிக்கத் தொடங்குகின்றன. உருவாகும் துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளே இடம் இல்லாததால் அது காங்கிரீட்டை வெளிநோக்கித் தள்ளுகிறது. முதலில் கம்பி செல்லும் வழியிலேயே நேர்க்கோடாக விரிசல் விழும். அதில் பழுப்பு நிறக் கறை கசியும். இறுதியில் கூரையின் அடிப்பகுதி அல்லது சன்ஷேடின் அடிப்பகுதி பெயர்ந்து விழும்.

இதில் ஆபத்து இரண்டு. விழும் காங்கிரீட் துண்டு கீழே இருப்பவரைக் காயப்படுத்தும் என்பது ஒன்று. துரு தின்ற கம்பி மெலிந்து கூரையின் தாங்கும் திறன் குறைவது மற்றொன்று. பால்கனி, சன்ஷேடு, படிக்கட்டின் அடிப்பகுதி, குளியலறைக் கூரை, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகியவை பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும் இடங்கள்.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இரும்பு அரிப்பைப் பற்றிய ஆய்வுகளை நீண்டகாலமாக நடத்தி வருகிறது. கடல்சார் அரிப்பை ஆராய அதற்குத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் ஒரு மையம் உண்டு.

மூடி மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது

விரிசல் கண்டதும் மேலே சிமென்ட் பூசி வெள்ளை அடித்துவிடுவதே வழக்கமாக நடக்கும் தவறு. வெளியில் பார்க்கச் சுவர் சரியாகத் தெரியும். உள்ளே கம்பி தொடர்ந்து துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு மழைக்காலம் கழிந்தபின் முன்பைவிடப் பெரிய துண்டாகப் பெயர்ந்து விழும். இடையில் வீட்டாருக்கு எச்சரிக்கை தந்திருக்க வேண்டிய கறையையும் விரிசலையும் பூச்சு மறைத்துவிடுகிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. சிறிய சுத்தியால் கூரையின் அடிப்பகுதியை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடத்தில் கணீரென்ற ஓசை வரும். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் பொள்ளலான ஓசை வரும். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் குறித்துக்கொண்டால் பாதிப்பின் பரப்பு தெரிந்துவிடும். தட்டும்போது நேர் கீழே நிற்கக் கூடாது.

முறையான பழுதுபார்ப்பின் படிகள் பின்வருமாறு:

1. பாதிப்பு அதிகமான இடத்தில் வேலை தொடங்கும் முன் கூரைக்கு முட்டு கொடுக்க வேண்டும்.
2. பொள்ளலான காங்கிரீட் முழுவதையும் கொத்தி அகற்ற வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கமும் விரல் நுழையும் அளவு இடம் வேண்டும். துரு இல்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் கொத்திச் செல்ல வேண்டும்.
3. கம்பித் தூரிகை கொண்டு துருவை முழுமையாக நீக்கி, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.
4. கம்பி வெகுவாக மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். எத்தனை கம்பி, எவ்வளவு நீளம் என்பதைக் கட்டடப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும்.
5. கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென விற்கப்படும் பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும்.

குளோரைடு ஏறிய காங்கிரீட்டை விட்டுவைத்து நடுவில் மட்டும் ஒட்டுப்போட்டால், ஒட்டின் ஓரத்தில் உள்ள பழைய பகுதி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கக்கூடும். கொத்த வேண்டிய பரப்பைச் சிக்கனம் கருதிக் குறைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புதிதாகக் கட்டுவோர் கவனத்துக்கு

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு (2000), கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டைக் ‘கடுமையான’ வகையில் சேர்க்கிறது. அவ்வகைக்குக் குறைந்தது எம் 30 தரக் காங்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மறைப்பும் வேண்டும். உப்புக்காற்றிலிருந்து மறைவாக உள்ள பரப்புகளுக்கு எம் 25 தரமும் 30 மில்லிமீட்டர் மறைப்பும் போதும். கம்பியின் கீழ் உடைந்த ஜல்லியை வைத்து உயர்த்தும் வழக்கத்தால் இந்த மறைப்பு கிடைப்பதில்லை. சரியான உயரமுள்ள கவர் பிளாக் வைக்க வேண்டும்.

கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது அதே தொகுப்பின் விதி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் இருக்கிறது. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைச் சோதனை செய்யாமல் கலவைக்கு எடுக்கக் கூடாது. காங்கிரீட்டை நனைத்துப் பதப்படுத்தும் தண்ணீருக்கும் இது பொருந்தும். கலவைக்கு லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிவிட்டு, நனைக்கக் கரிக்கும் போர்வெல் தண்ணீரை விடுவதால் செலவு செய்தும் பலன் கிடைக்காமல் போகும். வெயில் கடுமையான இப்பகுதியில் குறைந்தது 10 நாள் நனைப்பது நல்லது. கடல் மணலைக் கட்டுமானத்துக்கு அறவே பயன்படுத்தக் கூடாது.

பழைய சுண்ணாம்பு வீடுகள்

மன்னார் வளைகுடாக் கடற்கரையின் பழைய வீடுகள் சிலவற்றில் பவளக் கற்களையும், பவளத்தையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பையும் காணலாம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

இத்தகைய சுவர்களில் ஈரம் ஏறினாலும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. உப்பு பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுத்து அகற்றுவதே முறை.

இரும்பு, மின்சாரம், எரிவாயு

சன்னல் கிரில், கேட் ஆகியவற்றைத் துருவின் மேலேயே வண்ணம் பூசுவது வீண். உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். கடலுக்கு மிக அருகில் இருப்போர் துருப்பிடிக்காத எஃகு வாங்கும்போது 304 வகையைவிட 316 வகை உப்பைத் தாங்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதியை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுவது அதன் ஆயுளை நீட்டிக்கும்.

உப்பு, நிலத்தில் புதைத்த எர்த் கம்பியையும் அதன் இணைப்புகளையும் அரிக்கும். எர்த் அறுந்திருப்பது வெளியில் தெரியாது. விளக்கு எரியும், விசிறி சுழலும். கிரைண்டரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ மின்கசிவு ஏற்படும் நாளில்தான் அதன் விளைவு தெரியவரும். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். வழக்கமான எம்.சி.பி. மிகைச்சுமையிலிருந்தும் குறுக்குச்சுற்றிலிருந்தும் வயரைக் காக்கும். மனிதரை மின்கசிவிலிருந்து காக்க அது போதாது.

எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் மின்சுவிட்சை எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியில் சென்று 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வெள்ளம் வந்தால்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 70 சென்டிமீட்டருக்கும் குறைவு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் பாசனத்தில் கடைசியாக உள்ள கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டது. தூத்துக்குடி நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் நின்றது. மழை குறைந்த ஊர் என்பதால் வெள்ளத்துக்குத் தயாராக இருக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை அந்த மழை மாற்றியது.

தண்ணீர் வாசலை எட்டும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொடக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் இன்வர்ட்டர் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அதையும் தனியே அணைக்க வேண்டும். எரிவாயு உருளையின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, மிதந்து செல்லாதவாறு கட்டிவைக்க வேண்டும். வெளியே அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடக் கூடாது. நனைந்த சுவிட்ச் பெட்டிகளும் பிளக்குகளும் வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே சேறும் உப்பும் படிந்திருக்கும். நிலத்தடித் தொட்டியில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். குடிக்கும் நீரைக் காய்ச்ச வேண்டும். அலமாரியின் பின்புறத்திலும் மரச்சாமான்களின் அடியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம் என்பதால் கையை விடும் முன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். சுவர் நன்றாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வண்ணம் அடித்தால் ஓதம் உள்ளே நின்று, வண்ணம் உரிந்துவிடும்.

ஆண்டுமுழுதும் கவனிக்க வேண்டியவை

பங்குனி, சித்திரையில் சுவர் உலர்ந்திருக்கும். பழுதுபார்ப்பு, வண்ணப் பூச்சு ஆகியவற்றுக்கு ஏற்ற காலம் இதுவே. ஆடிக் காற்றுக்கு முன் தகரக் கூரை, தொட்டி மூடி, கேபிள் ஆகியவற்றின் பிடிப்பைப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்குகளை அடைத்து, மழைநீர் வடிகுழாய்களில் அடைத்திருக்கும் இலை, குப்பையை அகற்ற வேண்டும். மாடியில் தேங்கும் தண்ணீரே கூரைக் கம்பியைச் சென்றடையும் ஈரம். ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையின் அடிப்பகுதியில் புதிய கறை தோன்றுகிறதா என்று மாதம் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பழுப்பு நிறத்தில் ஒரு கையகலக் கறை தெரியும்போதே கொத்தனாரையும் பொறியாளரையும் அழைத்தால் ஓரிரு நாள் வேலையோடு முடியும். அதே கறைக்கு மேல் வெள்ளை அடித்துவிட்டால், பின்னர் கூரையையே இடித்துப் போட வேண்டிய நிலை வரலாம்.