வெட்டுக்கிளிக் கூட்டம் உண்டாகும் விதம்

வானத்தை மறைத்து வந்திறங்கும் வெட்டுக்கிளிக் கூட்டத்தைப்பற்றிக் கேள்வியுற்றோர், அதனை நடத்தி வருவது யாது என்று வினவுவதுண்டு. அதற்குத் தலைவனுமில்லை, ஏவுவாருமில்லை. நெருக்கமே கூட்டத்திற்குக் காரணம். இதனை அறிந்தால், தடுப்பதற்குரிய சமயம் எதுவென்பதும் விளங்கும்.

பாலைவன வெட்டுக்கிளி ஆப்பிரிக்கா, அரேபியா, இராஜஸ்தானம் ஆகிய வறண்ட பிரதேசங்களில் உள்ளது. சாதாரண வருஷங்களில் இது தன்னினத்தை விட்டு விலகித் தனித்து வாழும்; இரவிற் பறக்கும்; இதனாற் சேதம் சொற்பமே. திரண்ட நிலையிலோ இளம் பூச்சிகள் கறுப்பும் மஞ்சளுமாக நிறம் மாறும். இறகு முளைத்தவை பகலிற் கூட்டமாய்ப் பறக்கும். வேறொரு வெட்டுக்கிளி விஷயத்தில், இரண்டு இனங்களென்று எண்ணப்பட்டவை ஓரினத்தின் இரு நிலைகளே என்று போரிஸ் உவரோவ் என்னும் அறிஞர் 1921-ம் வருஷத்தில் விளக்கினார். பாலைவன வெட்டுக்கிளிக்கும் இது பொருந்தும்.

நல்ல மழை பெய்தால் ஈரமணலில் இட்ட முட்டைகள் பொரித்துப் பூச்சிகள் பெருகும். பின்பு நிலம் உலரும்போது, எஞ்சிய பசுமையான இடங்களில் அவையெல்லாம் வந்து நெருங்கும். ஒன்றன் பின்னந்தொடையில் மற்றொன்று அடிக்கடி உரசுவதால், சில மணி நேரத்தில் அதன் நரம்புகளில் ஸெரோடோனின் என்னும் பொருள் அதிகரிக்கிறது. விலகி நின்ற பூச்சி கூட்டத்தை நாடுகிறது. இது 2009-ல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது.

நெருக்கம் குறைவாயிருக்கும்வரை இளம் பூச்சிகள் தத்தம் வழியே செல்லும். ஓரளவு மிகுந்தவுடன் அனைத்தும் திடீரென்று ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். ஒவ்வொன்றும் அண்டையிலுள்ளதைப் பார்த்தே திரும்புகிறது. பின்வருவது கடிக்குமாதலால், நிற்பதும் அதற்கு அபாயமே.

திரண்டவற்றைப் பிரித்துவிட்டால் அவை மீண்டும் தனித்த நிலையை நாடும். புதிதாய்த் திரண்டவை விரைவில் மாறும். நெடுநாள் நெருங்கி வாழ்ந்தவை எளிதில் மாறா. மேலும், நெருக்கத்தில் வாழ்ந்த தாயின் குஞ்சுகள் கூட்ட இயல்புடனேயே பிறக்கின்றன. ஆகையால், தாமதம் செய்யச் செய்யத் தொல்லை பெருகும்.

2018-ம் வருஷம் மே, அக்டோபர் மாதங்களில் இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழை பெய்வித்தன. ஆட்கள் எளிதிற் சென்று பாராத அவ்விடத்தில் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாய்ப் பெருகின. 2019, 2020-ம் வருஷங்களில் அதன் பயனை இராஜஸ்தானத்து விவசாயிகளும் அனுபவித்தனர். ஒரு சதுர கிலோமீட்டர் பரவிய கூட்டம் ஒரே நாளில் 35,000 மனிதருக்குரிய அளவு ஆகாரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே, இறகு முளைப்பதற்கு முன்பே இவற்றை அழிப்பது உத்தமம். முட்டையிட்ட நிலத்தைக் கிளறிவிடுதலும், நடந்துவரும் இளம் பூச்சிகளைப் பள்ளம் வெட்டி வீழ்த்தி மூடுதலும் பழைய முறைகள். இப்போது மருந்து தெளிப்பதே பெருவழக்கு.

நம் ஜில்லாக்களில் எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாய்க் காணும் வெட்டுக்கிளி வேறு இனம். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் ஒரேவிதமான இளம் பூச்சிகள் திரளாக ஒரே திசையில் நடக்கக் கண்டால், விவசாயிகள் சிலவற்றைப் பிடித்து வைத்து, கிராம உத்தியோகஸ்தர் மூலம் விவசாய இலாகாவுக்கு அன்றே தெரிவிக்கவேண்டும். கூட்டம் பறக்கத் தொடங்கியபின் செய்யும் முயற்சிக்குச் செலவு அதிகம், பலன் குறைவு.