ஆயர்கள் கேட்கிறார்கள், அவைகள் கேட்கின்றனவா?

- நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: வக்ஃபு திருத்த மசோதா மீது மக்களவையில் வாக்கெடுப்பு முடிந்து, ஆதரவு 288, எதிர்ப்பு 232 என்று அறிவிக்கப்பட்டபோது 2025 ஏப்ரல் 3-ம் தேதி பிறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தூக்கக் கலக்கத்துடன் வெளியே வந்த கேரள உறுப்பினர்களை எதிர்கொண்ட முதல் கேள்வி சிறுபான்மையினர் உரிமை பற்றியதல்ல. "ஆயர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?" என்பதே மலையாளச் செய்தியாளர்களின் கேள்வி.

காரணம் இருந்தது. வாக்கெடுப்புக்குச் சில நாள்களுக்கு முன், மசோதாவை ஆதரிக்குமாறு மாநிலத்தின் எம்.பி.க்களைக் கேரள கத்தோலிக்க ஆயர் பேரவை பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. அகில இந்திய ஆயர் பேரவையும் அதே திசையில் அறிக்கை வெளியிட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களும் மார்க்சிஸ்ட் உறுப்பினர்களும் அந்த வேண்டுகோளை ஏற்கவில்லை. மறுநாள் பின்னிரவில் மாநிலங்களவையும் 128-க்கு 95 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. ஆயர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால், அதைக் கொடுத்தவர்கள் கேரளக் கத்தோலிக்கர்கள் வாக்களித்து அனுப்பிய கட்சியினர் அல்லர்.

தலைநகரில் கோல் டாக்கானா வட்டத்தை ஒட்டி, திரு இருதயப் பேராலயத்தின் அருகில் இருக்கிறது இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைமையகம். நாடாளுமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். 1944-ல் தோன்றிய இந்தப் பேரவை அரசுக்கு அனுப்பும் மனுக்களில் பெரும்பாலானவை பள்ளிகள், தலித் கிறிஸ்தவர் இட ஒதுக்கீடு, தாக்குதல்களுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவை பற்றியவை. மரண தண்டனை கூடாது என்பதும் அதன் நிலைப்பாடு. எனவே, அமெரிக்கப் பாணியில் "பழமைவாதக் கத்தோலிக்கர்" என்று முத்திரை குத்தினால் அது இங்கே சரியாக ஒட்டாது. கருக்கலைப்பைப் பற்றிப் பேசும்போது வலப்பக்கமும், பழங்குடியினர் நிலத்தைப் பற்றிப் பேசும்போது இடப்பக்கமும் நிற்பதாகத் தோன்றும் அமைப்பு இது.

இருந்தாலும் கடந்த சில ஆண்டுகளில் அறநெறிக் கேள்விகளில் ஆயர்களின் குரல் உரத்திருக்கிறது. அந்தக் குரல் எங்கே எடுபடுகிறது, எங்கே காற்றில் கரைகிறது என்பது நாடாளுமன்றத்தைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்குச் சுவையான பாடம்.

*எடுபடாத வழக்கு*

கருக்கலைப்பே முதல் சான்று. 1964-ல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை அடியொற்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மக்கள்தொகை அறிஞர் எஸ். சந்திரசேகர் குடும்ப நலத் துறை அமைச்சராக இருந்த காலத்தில் 1969-ல் மசோதா கொண்டுவரப்பட்டது. 1971-ல் அது சட்டமாயிற்று. பாதுகாப்பற்ற முறையில் கருவைக் கலைத்து உயிரிழந்த ஏழைப் பெண்களைக் காப்பது ஒரு நோக்கம். மக்கள்தொகைப் பெருக்கம் குறித்த அன்றைய அச்சம் மற்றொன்று. அந்த நாளிலிருந்து இன்றுவரை இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிய பெரிய கட்சி ஒன்றுகூட இல்லை. மேலை நாடுகளில் தேர்தலின் போக்கையே மாற்றும் ஒரு பிரச்னை, இந்திய அரசியலில் பிரச்னையாகவே உருவெடுக்கவில்லை.

2021 மார்ச் 16-ம் தேதி மாநிலங்களவையில் நடந்ததை நினைவுகூரலாம். குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்குக் கருக்கலைப்புக்கான வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்த்தும் திருத்தம் அன்று விவாதத்துக்கு வந்தது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வரம்பே கிடையாது. திருச்சபைத் தலைவர்கள் ஏற்கெனவே எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தார்கள். அவையிலும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், அது வேறு எதிர்ப்பு. முடிவைப் பெண்ணிடம் விடாமல் வாரியத்திடம் ஒப்படைப்பது ஏன் என்று கேட்டு, மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள் எதிர்க்கட்சியினர். அதாவது, சட்டம் போதாது என்பதே அவையின் குறை. அது மிகை என்பது திருச்சபையின் குறை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. "மணமான பெண், கணவர்" என்றிருந்த இடத்தில் "பெண், அவரது துணைவர்" என்று சொல் மாறியதைக்கூட எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மணமாகாத பெண்களுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

திருச்சபை சோர்ந்துவிடவில்லை. 1971 சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த ஆகஸ்ட் 10-ம் தேதியைத் துக்க நாளாக அனுசரிக்கத் தொடங்கியது. 2022-ல் அதே நாளில் தில்லியில் பேரணியும் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் அருள்சகோதரிகள், குருமாணவர்கள், கேரளக் குடும்பங்கள். கட்சிக் கொடி ஒன்றும் இல்லை.

ஆனால், இந்தப் போராட்டத்தை வெறும் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2008-ல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதியர், கருவிலிருக்கும் குழந்தைக்கு இதயக் கோளாறு இருப்பது 20 வாரத்துக்குப் பிறகே தெரியவந்ததால் கலைக்க அனுமதி கோரி உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. குழந்தையைத் தாங்கள் வளர்ப்பதாக மும்பைத் திருச்சபை முன்வந்தது. கரு தானாகவே சிதைந்து அந்த வழக்கு முடிந்தது. ஆனால், 2021 திருத்தத்துக்கான விதை அங்கேதான் விழுந்தது. குழந்தையை ஏற்க முன்வந்த கையையும், முடிவெடுக்கும் உரிமையைக் கேட்ட தாயையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது எளிதல்ல.

கத்தோலிக்க மருத்துவமனைகளின் நிலை பற்றியும் ஒரு வார்த்தை. மனசாட்சி காரணமாக மறுக்கும் உரிமை இந்தச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால், கருக்கலைப்பு செய்யத் தனியார் மருத்துவமனை தனியே அங்கீகாரம் பெற வேண்டும், விருப்பமில்லாதவர்கள் விண்ணப்பிப்பதில்லை. மோதல் இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

*திரைப்படமும் தணிக்கையும்*

ஆயர்களின் குரல் எடுபடும் இடம் வேறு. 2006-ல் "டா வின்சி கோட்" திரைப்படம் வெளியானபோது, அப்போதைய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, திருச்சபைப் பிரதிநிதிகளுடன் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார். இது முழுக்கக் கற்பனை என்ற அறிவிப்புடன், வயது வந்தோருக்கான சான்றிதழோடு படம் வந்தது. அதற்குப் பிறகும் தமிழகம், ஆந்திரம், பஞ்சாப் உள்ளிட்ட சில மாநிலங்கள் தடை விதித்தன. ஆந்திர உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் தடைகளை ரத்து செய்தன. மனம் புண்பட்டது என்ற முறையீட்டுக்கு அரசுகள் எவ்வளவு விரைவாகச் செவிசாய்க்கின்றன என்பதற்கு இது உதாரணம். உயிர் பற்றிய வாதத்துக்கு அந்த விரைவு கிடைத்ததே இல்லை.

ஓரினச் சேர்க்கை குறித்த நிலைப்பாடு பலருக்கு வியப்பளிக்கலாம். 377-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2013-ல் மீண்டும் உயிர்ப்பித்தபோது, மும்பைப் பேராயராக இருந்த கர்தினால் ஆஸ்வால்ட் கிரேஷியஸ், இவர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்றார். திருமணம் என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டோம்; சிறைக்கு அனுப்பவும் சொல்ல மாட்டோம் என்பதே சாரம். நமது கட்சிகள் பலவும் அந்தத் தெளிவுகூட இல்லாமல் அன்று மௌனம் காத்தன.

*பாலா முதல் இடுக்கி வரை*

அரசியல் கணக்கு தொடங்குவது கேரளத்தில்தான். 1959-ல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசுக்கு எதிரான விமோசன சமரத்தில் நாயர் அமைப்புடன் கைகோத்துத் தெருவில் இறங்கிய திருச்சபைக்கு, ஆட்சியைக் கவிழ்த்த அனுபவம் உண்டு. 2001-க்குப் பிந்தைய கவலை வேறு: எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 18.38 சதவீதம், நாட்டில் 2.3 சதவீதம். அதே 2011-ல், மூன்றாவது குழந்தை பெறுவோருக்குத் தண்டனை என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் குழு ஒரு வரைவை அளித்தபோது திருச்சபை கடுமையாக எதிர்த்தது. அரசு அதைக் கிடப்பில் போட்டது. 2021-ல் பாலா மறைமாவட்டம், ஐந்தும் அதற்கு மேலும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. நாடே அப்போது நகைத்தது. மூன்றே ஆண்டுகளில் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் பெறுங்கள் என்றார். தொகுதி மறுவரையறையை மனதில் வைத்து, பதினாறும் பெறலாமா என்று நமது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினும் திருமண மேடையில் கேட்டார். இப்போது யாரும் நகைக்கவில்லை.

குடும்பம் பற்றிய கவலை மெல்ல வேறொரு சமூகத்தின் மீதான ஐயமாகத் திரும்பியதுதான் கவனிக்க வேண்டியது. 2020 ஜனவரியில் சீரோ மலபார் ஆயர் மன்றம் "லவ் ஜிகாத்" என்ற சொல்லைத் தன் அறிக்கையில் பயன்படுத்தியது. அடுத்த மாதமே கேரள எம்.பி. பென்னி பெஹனான் எழுப்பிய கேள்விக்கு, அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை, மத்திய முகமைகள் எதுவும் அத்தகைய வழக்கைப் பதிவு செய்யவில்லை என்று உள்துறை இணையமைச்சர் கிஷண் ரெட்டி மக்களவையில் எழுத்துமூலம் பதிலளித்தார். பாரதிய ஜனதா அரசின் பதில் அது. ஆனாலும் 2021 செப்டம்பரில் பாலா ஆயர் ஜோசப் கல்லறங்காட்டு "போதைப்பொருள் ஜிகாத்" என்று பேசினார். 2024-ல் இடுக்கி மறைமாவட்டம் "தி கேரளா ஸ்டோரி" படத்தை மாணவர்களுக்குத் திரையிட்டது.

தில்லி இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 ஈஸ்டர் நாளில் பிரதமர் மோடி திரு இருதயப் பேராலயத்துக்குச் சென்றார். 2024 டிசம்பரில் ஆயர் பேரவைத் தலைமையகத்திலேயே நடந்த கிறிஸ்துமஸ் விழாவில் கலந்துகொண்டார். இடையே, திருச்சூர் தொகுதி சுரேஷ் கோபியை மக்களவைக்கு அனுப்பியது. கத்தோலிக்கரான ஜார்ஜ் குரியன் சிறுபான்மையினர் நலத் துறை இணையமைச்சரானார்.

திருச்சபைக்குள்ளேயே இதற்குக் கேள்விகள் உண்டு. ஒழுக்கம் பற்றிப் பிறருக்குப் போதிக்கும் முன் உள்ளே பார்க்க வேண்டாமா என்று 2018-ல் கொச்சியில் சாலையோரம் அமர்ந்து கேட்டவர்கள் ஐந்து கன்னியாஸ்திரீகள். ஓர் ஆயர் மீதான பாலியல் புகாரில் நடவடிக்கை கோரினார்கள். விசாரணை நீதிமன்றம் 2022-ல் அவரை விடுவித்தது. ஆனால், பெண்களின் கருப்பை பற்றிய அறிக்கைகளில் பெண்களின் கையொப்பம் ஏன் இல்லை என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு தீர்த்துவைக்கவில்லை.

*முனம்பமும் துர்க்கும்*

மீண்டும் வக்ஃபு வாக்கெடுப்புக்கு வருவோம். கொச்சிக்கு வடக்கே முனம்பம் கடற்கரையில் சுமார் 600 குடும்பங்கள், பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள், ஃபரூக் கல்லூரி நிர்வாகத்திடமிருந்து விலை கொடுத்து வாங்கிய மண்ணில் வசிக்கிறார்கள். 1950-ல் கல்லூரிக்கு வழங்கப்பட்ட அந்த நிலத்தை 2019-ல் வக்ஃபு சொத்தாக வாரியம் பதிவு செய்தது. பட்டாவை அடகு வைக்க முடியவில்லை. வரி கட்ட முடியவில்லை. 2024 அக்டோபரில் அங்குள்ள வேளாங்கண்ணி மாதா ஆலய வளாகத்தில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கியது. ஆயர்களின் வேண்டுகோளுக்குப் பின்னால் இருந்தவர்கள் இவர்கள்தான். அவர்களது துயரம் உண்மையானது. அதைச் சந்தேகிக்க எவருக்கும் உரிமையில்லை.

மசோதா நிறைவேறிய சில நாள்களில் முனம்பம் சென்ற அமைச்சர் கிரண் ரிஜிஜு, சட்டப் போராட்டத்தைத் தொடர வேண்டியிருக்கும் என்றே சொல்ல நேர்ந்தது. அதே வாரங்களில் ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏடான "ஆர்கனைசர்" தன் இணையதளத்தில், நாட்டில் அதிக நிலம் வைத்திருப்பது கத்தோலிக்கத் திருச்சபையே என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டு, சர்ச்சை எழுந்ததும் நீக்கிக்கொண்டது.

2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில், வேலைக்காக இளம்பெண்களை அழைத்துச் சென்ற கேரளக் கன்னியாஸ்திரீகள் இருவர், பஜ்ரங் தளத்தினரின் புகாரின்பேரில் கைதானார்கள். ஆள்கடத்தலும் மதமாற்றமும் குற்றச்சாட்டுகள். நாடாளுமன்ற வளாகத்தில் பதாகைகளுடன் நின்றவர்கள், ஏப்ரலில் ஆயர்களின் சொல்லைக் கேட்காத அதே காங்கிரஸ், மார்க்சிஸ்ட் உறுப்பினர்கள். கேரள பா.ஜ.க.வினர் ஜாமீனுக்காக அமித் ஷாவின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடந்தார்கள். அவர்களது கட்சியின் சத்தீஸ்கர் முதல்வர் கைதை நியாயப்படுத்தினார். ஆகஸ்ட் 2 அன்று பிலாஸ்பூர் என்.ஐ.ஏ. நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது.

முனம்பத்துக்கு 2025 அக்டோபரில் ஓர் ஆறுதல் வந்தது. 1950 ஆவணம் வெறும் கொடைப் பத்திரமே என்று கேரள உயர் நீதிமன்ற அமர்வு கூறியது. புதிய திருத்தச் சட்டத்தைக் கொண்டு கிடைத்த நிவாரணம் அல்ல அது. பழைய ஆவணத்தைப் படித்துச் சொன்னது. நவம்பரில் வரி கட்ட இடைக்கால அனுமதியும் கிடைக்கவே, நானூறு நாள்களைத் தாண்டிய உண்ணாவிரதம் முடிவுக்கு வந்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்துக்கு இடைக்காலத் தடை விதித்து, இப்போதுள்ள நிலையே தொடர வேண்டும் என்று உத்தரவிட்டது.