ஆந்தைக்கும் ஒரு பங்கு

ஆந்தை அலறினால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அமெரிக்காவில், அரிஸோனா ராஜ்யத்தைச் சேர்ந்த டூஸான் நகரத்தில், வீடு கட்டி விற்கும் வியாபாரிகளுக்கும் 1997-ஆம் வருஷம் ஓர் ஆந்தை அபசகுனமாகத்தான் வந்து சேர்ந்தது.

அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டி ஆந்தை. உயரம் ஆறேழு அங்குலம் இருந்தால் அதிகம். அந்தப் பாலைவனத்தில் சகுவாரோ என்றொரு கள்ளி, தூண் மாதிரி நெடுநெடுவென்று நிற்கிறது. மரங்கொத்தி அதைக் குடைந்து குடியிருந்து காலி செய்த பொந்துதான் இந்த ஆந்தைக்கு வீடு. சர்க்கார் அந்த வருஷம் அதை அழிந்துவரும் பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. அப்படிப்பட்ட பிராணியின் இருப்பிடத்தைக் கெடுப்பது அங்கே குற்றம். மனை வியாபாரம் தடுமாறியது. கட்ட நினைத்த ஒரு ஹைஸ்கூல் விவகாரம் கூடக் கோர்ட்டுக்குப் போயிற்று.

டூஸான் உள்ள பீமா ஜில்லாவின் ஜனத்தொகை 1950-ல் 1 லட்சத்து 41 ஆயிரம். 2020-ல் 10 லட்சத்து 43 ஆயிரம்! ஜனங்கள் பெருகினால் வீடு வேண்டும், ரஸ்தா வேண்டும், கடைகண்ணி வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் ஒரு வழக்கு என்று போனால் யாருக்கு லாபம், வக்கீல்களைத் தவிர? ஜில்லா முழுவதற்கும் சேர்த்து ஒரே ஏற்பாடாகச் செய்துவிடுவது என்று 1998-ல் ஆரம்பித்ததுதான் சொனோரன் பாலைவனப் பாதுகாப்புத் திட்டம்.

ஆனால் அந்தப் பூமி யாருடையது? மொத்தம் சுமார் 9,200 சதுர மைல். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, டோஹோனோ ஓதம் என்ற ஆதிகுடிகளுடையது. (அந்தப் பெண்மணிகள் கோடையில் நீண்ட கழியால் சகுவாரோப் பழத்தைத் தட்டி எடுத்துப் பாகு காய்ச்சுகிறார்கள்.) வனங்களும் தேசியப் பூங்காவும் மத்திய சர்க்காருக்கு. இன்னொரு பகுதி ராஜ்ய சர்க்காருக்கு. தனியாருக்கு நூற்றுக்குச் சுமார் 14. பாகப்பிரிவினையான வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கிணறு ஒரு தம்பிக்கு, கிணற்றுக்குப் போகும் நடை இன்னொரு தம்பிக்கு. அந்த மாதிரிதான்! மலையிலிருந்து தண்ணீருக்கு இறங்கிவரும் மானுக்குப் பத்திரமும் பட்டாவும் தெரியுமா?

ஜில்லா நிர்வாகம் செய்த முதல் காரியம் புத்திசாலித்தனமானது. நிலம் யாருடையது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த ஜீவனுக்கு எந்த இடம் வேண்டும் என்று மட்டும் நிபுணர்களைக் கொண்டு ஒரு படம் தயாரித்தார்கள். வேலிகளைப் பற்றிய பேச்சு அப்புறம்தான். 2001-ல் அந்தப் படம் ஜில்லாவின் வளர்ச்சித் திட்டத்திலேயே இடம் பெற்றது. ஓடைக் கரைகளில் நூற்றுக்கு 95 பங்கைத் தொடக் கூடாது. ஜீவராசிகள் மிகுந்த இடங்களில் 80 பங்கு.

சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே அனுமதியுள்ளபடி கட்டுகிறவரை இந்த விதி தொடாது. கூடுதல் வீடுகள் கட்டுவதற்காக மனையின் வகையை மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டால்தான் விதி குறுக்கே வரும்.

மீதிக்குப் பணம் வேண்டுமே! 2004-ல் ஓட்டர்களைக் கேட்டார்கள். திறந்தவெளிகளைக் காப்பாற்ற 17 கோடியே 40 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஜனங்கள் சம்மதித்தார்கள். தாங்கள் கொடுக்கும் சொத்து வரியிலிருந்துதான் கடன் அடைபடும் என்று தெரிந்தே சம்மதித்தார்கள்.

அந்தப் பணத்தில் பெரிய மாட்டுப் பண்ணைகளை வாங்கினார்கள். வாங்கிய கையோடு பண்ணைக்காரர்களை விரட்டிவிடவில்லை. பலர் அங்கேயே இருந்து, ஜில்லாவின் நிபந்தனைப்படி மாடு மேய்த்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். மாடு மேய்ந்த புல் மழை பெய்தால் துளிர்க்கும். அதே இடத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டால் துளிர்ப்பது கூரைகள்தான்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. ராஜ்ய சர்க்காரின் பூமியில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்கென்று 1910-ஆம் வருஷத்துச் சட்டப்படி விடப்பட்டது. அதை இனாமாகக் கொடுக்க முடியாது. விற்றால் ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கே. கிடைக்கும் வருமானம் குழந்தைகளின் படிப்புக்கு. ஆந்தையின் பொந்தா, குழந்தைகளின் வகுப்பறையா என்று கேட்டால் எந்தத் தாயார்தான் சட்டென்று பதில் சொல்லுவாள்? அந்த நிலங்களில் ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்கிவைக்க 2006-ல் ராஜ்யம் முழுவதும் ஓட்டு எடுத்தார்கள். யோசனை தோற்றது.

அதே வருஷம், வீடு கட்டுவோர் தொடுத்த வழக்கின் விளைவாக, குட்டி ஆந்தையும் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டது. சட்டத்தின் நெருக்கடி போய்விட்டது, இனி எதற்குத் திட்டம் என்று ஜில்லா கைவிட்டிருக்கலாம். விடவில்லை. 2016-ல் 44 வகை ஜீவராசிகளுக்காக மத்திய சர்க்காருடன் 30 வருஷத்து ஏற்பாடு செய்துகொண்டது. ஆந்தையும் அதில் ஒன்று. 2023-ல் ஆந்தை மறுபடியும் ஜாபிதாவில் ஏறியது.

பண்ணைகளோடு ஜில்லாவின் கைக்கு வந்த பூமியில் சொந்தமாக வாங்கியதைவிட, ராஜ்ய சர்க்காரிடம் மேய்ச்சலுக்குக் குத்தகை எடுத்ததே அதிகம். வரைபடத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. குத்தகைப் பூமி என்றைக்காவது ஏலத்துக்கு வந்தால், ஜில்லாவும் மற்றவர்களோடு நின்று விலை கேட்க வேண்டியதுதான்.