கேக்குது, ஆனா விளங்கல்ல

காதுப் பரிசோதனைக்குத் தனியாக வருகிறவர்கள் குறைவு. மனைவியோ மகளோதான் கூட்டிக்கொண்டு வருவார்கள். "இவியளுக்குக் கொஞ்ச நாளாக் காது கேக்கல்ல" என்று அந்த அம்மா தொடங்கியதுமே, "எனக்கு நல்லாக் கேக்கும். இவதான் வாய்க்குள்ளயே பேசுகா" என்பார் கணவர். நாகர்கோவிலில் செவித்திறன் பரிசோதகராக நான் வேலை பார்க்கும் அறையில் இந்த வழக்கு அடிக்கடி வருகிறது. அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே சத்தம் கேட்கிறது. சொல்தான் பிடிபடவில்லை.

காது எல்லா ஒலியையும் ஒரே நேரத்தில் இழப்பதில்லை. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் உண்டு. அதன் வாசலை ஒட்டியிருப்பவை உயர்ந்த, மெல்லிய ஒலிகளை வாங்குகின்றன. வயதானாலும், சத்தத்தில் உழைத்தாலும் முதலில் சாவது அவைதான்; செத்தது திரும்ப முளைக்காது. பேச்சில் கனமாக ஒலிப்பவை உயிரெழுத்துகள். அவை கடைசிவரை கேட்கும். ச, ஸ போன்றவை முதலில் நழுவும். அடுக்களையில் நின்று "சாளை வாங்கட்டா?" என்று கேட்டால், திண்ணையில் இருப்பவருக்கு "ஆளை" என்று போய்ச் சேரும். "எந்த ஆளை?" என்று அவர் திருப்பிக் கேட்க, அதிலேயே சண்டை. மகனின் கனத்த குரல் விளங்கும், பேத்தியின் கீச்சுக் குரல் விளங்காது. பாட்டாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு வலிக்கும்.

நான் குளச்சலில் பிறந்தவள். எங்கள் கரையில் வள்ளத்தில் எஞ்சின் பிடிப்பவர் அதை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். போகும்போதும் வரும்போதும் அந்த இரைச்சல் அவருடைய காதுக்குப் பக்கத்தில்தான். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளில் வாரக்கணக்கில் எஞ்சின் சத்தத்தோடுதான் சாப்பாடும் உறக்கமும். சத்தம் அளவு மீறுகிறதா என்று அறியக் கருவி வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே ஏறத்தாழ 85 டெசிபலோ அதற்கு மேலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 85-ல் 8 மணி நேரம் காது தாங்கும் என்பது ஒரு கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். கல்குவாரியில் உழைப்பவருக்கும், மர மில்லில் ரம்பத்தின் முன் நிற்பவருக்கும், கோயில் கொடையிலும் பள்ளித் திருவிழாவிலும் வெடி போடுகிறவருக்கும் இதே கணக்குதான். வேலை முடிந்து வந்தபின் காதில் இரைச்சலோ அடைப்போ வந்து, மறுநாள் சரியாகிறதென்றால் அது எச்சரிக்கை. இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் குறை தெரியும்வரை காத்திராமல் வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனையில் பயப்பட எதுவுமில்லை. முதலில் மருத்துவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்ததோடு சிலருடைய புகார் தீர்ந்துவிடுவதும் உண்டு. பிறகு சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்போம். ஒரு நேரத்தில் ஒரு காதில் மட்டும் 'பீப்' ஒலி வரும். எத்தனை மெதுவாகக் கேட்டாலும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்து அதிரச் செய்து பார்ப்போம். குறை வெளிக்காது, நடுக்காதுப் பக்கமா, உள்காதிலா என்பது இதில் பிரியும். அரை மணி நேரத்தில் வரைபடம் கைக்கு வரும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. சத்தத்தால் கெட்ட காதில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம்போல் இறங்கும். அந்தப் பள்ளம் வீட்டில் யாருக்கும் தெரியாத காலத்திலேயே வரைபடத்தில் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே வாருங்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

சத்தமான தொழிலில் இல்லாதவர் எப்போது வரவேண்டும்? டிவி சத்தத்தைப் பற்றி வீட்டார் குறைசொன்னால். போனை எப்போதும் ஒரே காதுக்கு மாற்றுகிறோம் என்று தெரிந்தால். கல்யாண மண்டபத்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வது விளங்காமல் சும்மா தலையாட்டுகிறோம் என்றால். காதொழுக்கு விட்டுவிட்டு வந்தால். இவை எதுவுமே இல்லையென்றாலும் 50 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 65-க்குப் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளும் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவயதில் கேட்கும் திறன் குறைவது பிற்கால மறதிநோய்க்கான காரணிகளில் ஒன்று என்று லான்செட் ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சேர்த்திருக்கிறது. விளங்காததால் பேச்சுக்கே வராமல் ஒதுங்கி உட்காரும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் நாள் பார்க்கக் கூடாது. காலையில் எழும்பும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். நரம்பு சார்ந்த இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் அதிகம்; இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு சுருங்கிவிடும். மருந்துக்கடையில் சொட்டுமருந்து வாங்கி, சளி எறங்கியிருக்கும் என்று ஒரு மாசம் ஓட்டிவிட்டு வந்த ஓர் இளைஞனிடம், இனி அதிகம் செய்வதற்கில்லை என்று நான் சொல்ல நேர்ந்தது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே இறங்கிப் பழுக்கும்.

பிறந்த குழந்தைக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். முதல் மாதத்துக்குள் ஆரம்பப் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறை உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், ஊசி கிடையாது. "தாய்மாமனும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆச்சிமார் சொல்வதைக் கேட்டு மூன்று வயதுவரை காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூளை பேச்சைப் பழகும் பருவம் அதற்குள் பெருமளவு கடந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற உள்காதுக் கருவியைப் பொருத்தும் அறுவைச்சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம். போவதற்கு முந்தின இரவு கடலுக்கோ கொடை மேளத்துக்கோ போகாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் தப்பாக வரும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஊசிமருந்துகள் காதைப் பாதிக்கும், அதனால் பழைய காசநோய்ச் சிகிச்சையானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யார் பேசுவது உங்களுக்கு விளங்கவில்லையோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.