பெலவானின் மூச்சு



திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென் எல்லையில், காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வியாதிப்பட்ட உறவினரைக் காண நீங்களும் அங்கே போயிருக்கலாம். அந்தப் பெயருக்குரியவர் பெந்தெகொஸ்தே விசுவாசியல்லர்; லண்டன் மிஷன் சங்கத்து மிஷனெரி. ஆயினும் சுயபெலத்தைக் குறித்து நாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். அவருக்கு அது ஏராளமாய் இருந்தது.

தியோடர் ஹோவார்ட் சோமர்வெல் முதலாம் உலகப்போரில் காயப்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், மலையேறுவதிலும் சமர்த்தர். 1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்குச் சென்றார். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் மாண்டார்கள். உடன் சென்ற அவர் தப்பினார். பின்பு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரின் மிஷன் மருத்துவமனையைக் கண்டார். வியாதியஸ்தர் திரளாய்க் காத்திருந்தனர். அறுவை செய்ய ஆள் போதவில்லை. லண்டனில் கிடைக்கவிருந்த பதவியை விட்டுவிட்டு நெய்யூருக்கே ஊழியத்துக்கு வந்தார்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4 அன்று, செயற்கை ஆக்சிஜன் இல்லாமலே, அவரும் நார்ட்டன் என்பவரும் 8,500 மீட்டர் உயரத்தைக் கடந்தார்கள். இறங்கும் வழியில், உறைகுளிரில் புண்பட்டிருந்த தொண்டையின் உட்சவ்வு கழன்று சுவாசக்குழாயை அடைத்துக்கொண்டது. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. முன்னே சென்ற நார்ட்டனோ, ஓவியரான நண்பர் படம் வரைய நின்றுவிட்டார் என்றெண்ணி நடந்துகொண்டேயிருந்தார்! மருத்துவர் பனியில் உட்கார்ந்து மரணத்துக்குக் காத்திருந்தார். கடைசியாய் இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது, மூச்சு திரும்பியது.

மனோதிடம் என்று உலகத்தார் சொல்லக்கூடும். நாசியிலே சுவாசத்தை வைத்தவர் யாரென்று நீங்களும் நானும் அறிவோம்.

பிரியமானவர்களே, அதற்குப்பின் அவர் கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நெய்யூருக்குத் திரும்பி, குடற்புண்ணால் வாடினவர்களுக்கும், வாய்ப்புற்றால் வேதனைப்பட்டவர்களுக்கும் நெடுங்காலம் சிகிச்சை செய்தார். 1949 முதல் வேலூரில் மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். கற்ற கல்வியும் கைத்திறனும் அவரிடம் இருக்கவே இருந்தன.

நகரத்தில் வாழும் நம்மிடம் இருவித ஆபத்துகளைக் காண்கிறேன். ஒருவர் கடன் வாங்கி, மனை வாங்கி, வீட்டின் அஸ்திபாரமும் போட்டபின்பு போதகரை ஜெபிக்க அழைக்கிறார். கர்த்தரிடம் ஆலோசனை கேட்கவல்ல, கையெழுத்து வாங்க. இன்னொருவர் விசுவாசத்தின் பேரால் மாத்திரையை வீசிவிடுகிறார். இது பார்வைக்கு ஆவிக்குரியதாய்த் தோன்றும். என் மனதில், இதுவும் சுயபுத்தியின்மேல் சாய்வதே. எவ்வழியில் சுகம் வரவேண்டுமென்று கர்த்தருக்குக் கட்டளையிட நாம் யார்?

ஆசா ராஜாவின் பாதநோயைப் பற்றி 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசியுங்கள். மருத்துவரிடம் போனதொன்றே குற்றமாயிருந்தால், பவுலோடிருந்த லூக்காவின் நிலை என்ன? கர்த்தரை விட்டுவிட்டு மருத்துவரை மாத்திரம் நாடியதே ஆசாவின் குறை. திரளான சேனையை ஒருகாலத்தில் ஜெபத்தால் ஜெயித்தவர், தன் காலுக்காக ஜெபிக்கவில்லை!

மெடிக்கல் காலேஜிலோ ஆர்.சி.சி.யிலோ அறுவைக்குத் தேதி பெற்றுப் பயந்திருக்கிறீர்களா? சபையில் ஜெபக்குறிப்புக் கொடுங்கள். மூப்பரை அழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். குறித்த தேதியில் தவறாமல் போங்கள். உங்களுக்கு அறுவை செய்யப்போகிற மருத்துவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள், அவர் கர்த்தரை அறியாதவராயிருந்தாலும்.